எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி?

வாசகர் கேள்வி - பதில்: சொல்லும் பயன்பாடும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. எதைச் செய்தாலும் ஒரு குறை மிஞ்சும் நிலை. அதற்கு என்ன சொல் போடுவது? ஆகவே அவற்றை மட்டும் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: விவாதப் போட்டிக்குத் தயாராகிறோம். இரண்டு வழியிலும் குறை உள்ள நிலையை 'டிலெமா' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'தர்மசங்கடம்' என்று எங்கள் அணியில் ஒருத்தி சொல்கிறாள். இன்னொருத்தி 'இருதலைக்கொள்ளி' என்கிறாள். ஆசிரியரோ 'இக்கட்டு' என்று எழுதினால் போதும் என்கிறார். எது சரி?
- உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: மூன்றும் நல்ல சொற்கள்தான், மகள். ஆனால் மூன்றும் மூன்று நிலைகளுக்கு உரியவை. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் எதிரணி அங்கேதான் பிடிக்கும்.

தர்மசங்கடத்தில் முட்டிக்கொள்பவை இரண்டு கடமைகள். நம் பக்கத்து உதாரணமே போதும். மகளுக்கு வீடும் வளவும் கொடுத்துக் கலியாணம் செய்துவைப்பது மட்டக்களப்பில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள வழமை. பெற்றோரிடம் இருப்பது 10 பேர்ச் வளவு, பெண்பிள்ளைகள் இரண்டு பேர் என்று வையுங்கள். மூத்தவளுக்கே முழுதும் எழுதினால் இளையவள் வெறுங்கையோடு நிற்பாள். பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 5 பேர்ச், ஏறக்குறைய 126 சதுர மீட்டர். சதுரமாக அளந்தால் பக்கத்துக்கு 37 அடிதான் வரும். அதற்குள் வீட்டையும் கட்டி, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி விட இடம் இராது. மூத்தவளுக்குச் செய்ய வேண்டியதும் கடமை, இளையவளுக்குச் செய்ய வேண்டியதும் கடமை. ஒன்றைக் காத்தால் மற்றதை மீற வேண்டும். தர்மசங்கடம் என்பது இதுதான். ஒரு பக்கம் கடமையும் மறுபக்கம் வெறும் ஆசையுமாக இருந்தால் இந்தச் சொல்லைப் போடக்கூடாது. அதற்குச் சோதனை என்று பெயர்.

பத்திரிகைகளில் இந்தச் சொல் படும் பாட்டைச் சொல்லாமல் விட முடியவில்லை. பரிசில்லாமல் கலியாண வீட்டுக்குப் போனாலும் தர்மசங்கடம், பழைய கடன்காரனைச் சந்தையில் கண்டாலும் தர்மசங்கடம். அவை வெறும் சங்கடங்கள். 'அந்தரமாப் போச்சு' என்று ஊரில் சொல்கிறோமே, அங்கே அதுவே சரியாகப் பொருந்தும்.

இருதலைக்கொள்ளியில் கடமை பற்றிய பேச்சு இல்லை. இரண்டு நுனியும் எரிகிற கட்டை, நடுவில் எறும்பு. அந்தப் பக்கம் போனாலும் சுடும், இந்தப் பக்கம் போனாலும் சுடும், நடுவில் இருந்தால் தீ தேடி வரும். இந்த மூன்றாவது பங்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சும்மா இருந்து தப்பலாம் என்றால் அது இருதலைக்கொள்ளி அல்ல.

இக்கட்டு என்பது நெருக்கடி. காசு கிடைத்தால், ஆள் உதவினால், நாலு நாள் போனால் அதிலிருந்து முழுதாக வெளியே வரலாம். மற்ற இரண்டிலும் வெளியே வரும்போது ஏதோ ஒன்று போயிருக்கும்.

ஆகவே சொல்லைத் தெரிவுசெய்யுமுன் உங்கள் தலைப்பை வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இழப்பே இல்லாத வழி ஏதாவது உண்டா? உண்டென்றால் இக்கட்டு என்பதோடு நிறுத்துங்கள். இல்லையென்றால், இரண்டு பக்கமும் கடமையா? ஆம் என்றால் தர்மசங்கடம். கடமை இல்லை, இரண்டு பக்கமும் ஆபத்துத்தான் என்றால், ஒன்றும் செய்யாமல் இருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் மட்டும் இருதலைக்கொள்ளி.

போட்டிக்காக இன்னொன்று. எதிரணி முதலில் தேடுவது 'மூன்றாம் வழி'. அதை அவர்கள் காட்டிவிட்டால் உங்கள் சொல்லோடு வாதமும் விழும். எனவே முதல் பேச்சாளரே மூன்றாம் வழிகளை எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றும் ஏன் அடைபட்டது என்று காட்டிவிட வேண்டும். இரண்டாம் பேச்சாளருக்கென்று அதை ஒத்திவைக்காதீர்கள்.

கேள்வி: பழைய இலக்கியத்தில் இந்த நிலைக்கு வகுப்பில் சொல்லத்தக்க இடங்கள் உண்டா?
- தமிழாசிரியர், திருக்கோவில்

பதில்: மூன்று இடங்களைச் சொல்லலாம், சேர். மூன்றும் மூன்று விதமாக இருப்பதால் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தால் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

அகநானூறு 339இல் 'இருதலைக் கொள்ளி இடைநின்று வருந்தி, ஒருதலைப் படாஅ உறவி போன்றனம்' என்று வருகிறது. உறவி என்றால் எறும்பு. 'ஒருதலைப் படாஅ' என்பதில் நிறுத்தி விளக்குங்கள். எந்த ஒரு பக்கத்துக்கும் போய்ச் சேர முடியாத நிலை அது. திருவாசகத்து நீத்தல் விண்ணப்பத்திலும் இதே எறும்பு வருகிறது.

நற்றிணை 284இல் பொருள் தேடப் போன தலைவனின் நெஞ்சு வீட்டுக்குத் திரும்பு என்கிறது. அறிவு, எடுத்த வேலையை முடிக்காமல் திரும்பினால் இழிவு என்கிறது. இரண்டு களிறுகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு' போல என் உடம்பு அழிந்துபோகுமோ என்கிறான். இந்த வரியாலேயே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் வந்தது.

மூன்றாவது, குறள் 1247:

காமம் விடுஒன்றோ நாண்விடு நன்னெஞ்சே
யானோ பொறேன்இவ் விரண்டு.

எறும்புக்கும் கயிற்றுக்கும் தெரிவு இல்லை. ஒன்று வேகும், மற்றது அறும். குறளில் பேசுகிறவளோ தன் நெஞ்சுக்குக் கட்டளையிடுகிறாள்: ஒன்றை விடு, இரண்டையும் என்னால் தாங்க ஏலாது. எதை விட்டாலும் இழப்புத்தான் என்று தெரிந்தே கேட்கிறாள். மூன்றில் தெரிவு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். வினாத்தாள் அமைப்பதானால், 'மூவரில் யார் முடிவெடுக்கக்கூடியவர், ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். மனனம் செய்த விடை வராது.

கேள்வி: 'இருதலைக்கொல்லி' என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் அச்சாகிவிட்டது. திருத்த வேண்டுமா, இரண்டும் வழக்கில் உண்டா?
- அச்சக ஊழியர், அக்கரைப்பற்று

பதில்: திருத்துங்கள். கொள்ளி என்றால் எரிகட்டை, ளகரம். கொல்லி என்றால் கொல்வது. பூச்சிக்கொல்லியில் வருவது அது. இருதலைக்கொள்ளியின் நடுவில் 'க்' விடுபடாமலும் பாருங்கள். அதோடு, 'நான் இருதலைக்கொள்ளியாக நிற்கிறேன்' என்று எழுதினால் எரிகிற கட்டையே நீங்கள்தான் என்றாகிவிடும். 'இருதலைக்கொள்ளி எறும்புபோல்' என்று எறும்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பில் முகத்துவாரம் வெட்டுவது பற்றி ஒரு முடிவெடுத்தோம். வெட்டினாலும் சிலருக்கு நட்டம், வெட்டாவிட்டாலும் சிலருக்கு நட்டம். கூட்டறிக்கையிலும் பிரதேச செயலகத்துக்கான கடிதத்திலும் இதை எந்தச் சொல்லால் எழுதுவது? ஒரு உறுப்பினர் 'வேறு வழியின்றி' என்று போடச் சொல்கிறார்.
- செயலாளர், கமக்காரர் அமைப்பு, மண்டூர்

பதில்: வெளியூர் வாசகருக்காக நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள், அதாவது முகத்துவாரங்கள்: வடக்கே பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து இவற்றை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழையில் குளங்கள் வான்பாய்ந்து வாவி உயரும்போது, மணல்மேட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு இறங்கும். வெட்டப் பிந்தினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்வட்டைகளில் பெரும்போக நெற்பயிர் நீருக்குள் நிற்கும், தாழ்ந்த வளவுகளுக்குள் தண்ணீர் ஏறும். முந்தி வெட்டினால் வெளியே தள்ளும் வேகம் வாவிக்கு இராது. வெட்டிய வாயை மணல் மறுபடி மூடலாம், உப்புத்தண்ணீர் உள்ளே ஏறலாம். நெல்லு உப்புக்கு மிகவும் பயந்தது நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான். போதாததற்கு, வாவியில் தொழில் செய்பவர்கள் மீனும் இறாலும் நீரோடு போய்விடும் என்பார்கள். எந்த நாளில் வெட்டினாலும் யாரோ ஒருவரின் பை இளைக்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். கடிதத்தில் இருதலைக்கொள்ளியும் வேண்டாம், தர்மசங்கடமும் வேண்டாம். அதிகாரி ஒருவர் உவமையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'வேறு வழியின்றி' என்பதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். வேறு வழி இருந்தது. அதை விட்டுவிட்டு இதைத் தெரிவுசெய்தீர்கள். அந்தச் சொல்லைப் போட்டால் நட்டப்பட்டவர், 'எங்கள் பக்கத்தை நீங்கள் யோசிக்கவே இல்லை' என்று சண்டைக்கு வருவார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

'பாதிப்பு' என்ற சொல்லும் வேண்டாம். எதற்கும் பொருந்துவதால் எதையும் சொல்லாது. நெல்லு அழுகினால் பயிர்ச்சேதம் என்று எழுதுங்கள். காசு போனால் நட்டம். கைவசம் இருந்தது இல்லாமற் போனால் இழப்பு. நட்டஈடு கேட்கும் காலம் வந்தால் 'பாதிப்பு' என்று எழுதிய கடிதம் உதவாது. எத்தனை ஏக்கர், எந்தப் பருவம், எத்தனை நாள் நீருக்குள் நின்றது என்று எழுதியது உதவும்.

கூட்டறிக்கையில் நான்கு வாக்கியம் போதும். எதைத் தெரிவுசெய்தோம், அதனால் யாருக்கு என்ன இழப்பு வரும், மற்ற வழியில் யாருக்கு என்ன இழப்பு வந்திருக்கும், ஏன் இது குறைவு என்று கொண்டோம். ஒரு மாதிரி:

'முகத்துவாரத்தை உடனே வெட்டுமாறு கோருவது எனக் கூட்டம் முடிவெடுத்தது. இதனால் வாவியில் தொழில் செய்யும் ...... குடும்பங்களுக்கு ஏறக்குறைய ...... நாள் வருமானம் குறையலாம் எனவும், கரையோர ...... ஏக்கரில் உவர் ஏறலாம் எனவும் கூட்டம் ஏற்றுக்கொண்டது. வெட்டாது விட்டால் குடலைப் பருவத்தில் (கதிர் தண்டுக்குள் இருக்கும் பருவம்) உள்ள ...... ஏக்கர் தொடர்ந்து நீருக்குள் நிற்கும். முதலாவது இழப்புச் சில நாட்களில் மீளக்கூடியது, இரண்டாவது இந்தப் போகத்தில் மீளாதது என்பதால் முதலாவதைத் தெரிவுசெய்தோம்.'

கடைசி வாக்கியத்தில் உவர் ஏறும் கரையோரக் காணிக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார். அவருக்கு அது சில நாள் விசயம் அல்ல. அப்படியானால் அந்த வாக்கியத்தை மெருகிடாமல், அவர் சொன்ன மறுப்பை அடுத்த வரியில் அவர் பெயரோடு பதியுங்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் இருக்கும் இடத்தில் மறுத்தவர் பெயரும் இருக்கலாம். 'முடிவெடுக்கப்பட்டது' என்று எழுதாமல் 'கூட்டம் முடிவெடுத்தது' என்று எழுதுங்கள். எடுக்கப்பட்டது என்றால் யார் எடுத்தது என்று அடுத்த வருடம் ஒருவருக்கும் ஞாபகம் இராது.

'தேர்வு' என்று போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம், பிழையில்லை. ஆனால் நம் நாட்டு அலுவல் எழுத்தில் 'தெரிவு' நிலைத்த சொல். 'தேர்வு' என்றால் பலருக்குச் சோதனை மண்டபம்தான் கண்ணில் வரும்.

கேள்வி: ஜும்ஆ உரைகளில் 'இரு தீங்குகளில் குறைந்ததை எடுப்பது' என்று கேட்கிறோம். இதற்குச் சுருக்கமான தமிழ்ச் சொற்றொடர் உண்டா? எழுதும்போது அரபுச் சொல்லையே போடலாமா?
- வாசகர், காத்தான்குடி

பதில்: சட்ட வாசகமாக இருப்பது 'அஹ்வனுஷ் ஷர்ரைன்', அதாவது இரு தீமைகளில் இலேசானது. உதுமானியப் பேரரசின் குடியியல் சட்டத் தொகுப்பான மஜல்லாவில் 29ஆம் விதி இது. மார்க்கக் கட்டுரையில் அரபுத் தொடரை ஒருமுறை எழுதி, பக்கத்தில் 'இரு தீங்குகளில் இலேசானது' என்று போட்டுவிட்டு, பிறகு தமிழையே தொடருங்கள். 'குறைந்த தீமை' என்று சுருக்கினால் இரண்டையும் ஒப்பிட்டோம் என்ற கருத்து விழுந்துவிடும். 'இரு' என்பது கட்டாயம் வேண்டும்.

பொதுவழக்கில் நமக்கு இருக்கும் பழமொழி எதிர்ப்பக்கம் பேசுகிறது: 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?' எல்லாம் சுடும், தெரிவுசெய்து என்ன பயன் என்பது அதன் தொனி. எனவே சட்ட வாசகத்துக்கு இதை மொழிபெயர்ப்பாகப் போடாதீர்கள். ஒன்று தெரிவுசெய்யச் சொல்கிறது, மற்றது கையை விரிக்கிறது.

கேள்வி: நோயாளியின் வீட்டாருக்கு வைத்தியர் சொல்வதை விளக்கும்போது, இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதை எப்படிச் சொல்வது? 'ரிஸ்க்' என்றால் பயந்துவிடுகிறார்கள். 'பக்கவிளைவு' என்றால் பொருட்படுத்துவதில்லை.
- தாதிய உத்தியோகத்தர், கல்முனை

பதில்: ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். இரத்தம் உறையாமல் வார்ஃபரின் குடிக்கும் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை. பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஏறக்குறைய 5 நாளுக்கு முன் மருந்தை நிறுத்துவது வழக்கம். நிறுத்தினால் இரத்தம் கட்டிபட இடமுண்டு. நிறுத்தாவிட்டால் வெட்டும்போது இரத்தம் நிற்காமல் போக இடமுண்டு. யாருக்கு நிறுத்துவது, எத்தனை நாள் என்பதை வைத்தியர்தான் தீர்மானிப்பார். உங்கள் வேலை அந்த இரண்டு பக்கத்தையும் ஒரே எடையுள்ள சொல்லால் சொல்வது.

பிழை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. ஒரு பக்கத்துக்கு 'ஆபத்து' என்றும் மறுபக்கத்துக்குக் 'கொஞ்சம் கரைச்சல்' என்றும் சொன்னால், வீட்டாருக்குப் பதிலாக நாம் முடிவெடுத்துவிட்டோம் என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு, அளவை வேறாகச் சொல்லுங்கள்: 'மருந்த நிப்பாட்டினாலும் ஒரு பயம் இரிக்கு, நிப்பாட்டாட்டியும் ஒரு பயம் இரிக்கு. டொக்டர் சொல்றார், இவருக்கு நிப்பாட்டினா வாற பயம் குறைவெண்டு.' பயம் என்ற சொல்லை நம் ஆட்கள் ஆபத்தென்றே விளங்கிக்கொள்வார்கள், ஆனால் 'ரிஸ்க்' போல அது அடித்துப்போடாது.

அடுத்தது, ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் ஒரு வழியாகச் சொல்ல வேண்டும். 'ஒப்பரேசனுக்கு ஓம் எண்டா இது, வேணாமெண்டா இது' என்று இரண்டையும் சொல்லாவிட்டால், வேண்டாம் என்றால் ஆபத்தே இல்லை என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். சொல்லி முடித்தபின் 'விளங்கிச்சா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்பார்கள். 'வீட்ட போய் உம்மாட்ட என்னெண்டு சொல்லுவீங்க?' என்று கேளுங்கள். திருப்பிச் சொல்லும்போது எந்தப் பக்கம் விடுபட்டது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மதில்மேல் பூனை, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால், திரிசங்கு, புலிவாலைப் பிடித்தது. எல்லாம் ஒன்றுதானே?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: இல்லை. மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று பார்க்கிறவருக்குத்தான் தெரியாது. பூனைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தேர்தல் காலத்துக்கு நல்ல சொல். ஆற்றில் ஒரு கால் வைத்தவர் இரண்டையும் விட மனமில்லாதவர், அது அவரவர் குணம். திரிசங்கு மேலும் போக முடியாமல் கீழும் வர முடியாமல் தொங்குகிறவன். தெரிவு அவன் கையில் இல்லை, இடமாற்றக் கடிதம் வராமல் காத்திருக்கும் ஆசிரியர்களுக்கு அது பொருந்தும். நீங்கள் கேட்ட நான்கில் கடினமான தெரிவுக்குக் கிட்ட வருவது புலிவால் ஒன்றுதான்: பிடித்திருப்பதும் ஆபத்து, விடுவதும் ஆபத்து. ஆனால் பிடித்தது நாமே என்ற குற்றச்சாட்டும் அதோடு சேர்ந்து வரும். கடன் மேல் கடன் எடுத்தவரைப் பற்றிச் சொல்லலாம்; வெள்ளத்தில் அகப்பட்டவரைப் பற்றிச் சொன்னால் அநியாயம்.

கேள்வி: ஒரே நாளில் ஒரு கலியாண வீடும் ஒரு செத்த வீடும் வந்தால் அது தர்மசங்கடமா?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றால், ஆம். ஒன்று தூரத்துச் சொந்தம் என்றால் வெறும் நேரப் பிரச்சினை.

கேள்வி: சதுரங்கத்தில் எந்தக் காயை நகர்த்தினாலும் தோற்கும், ஆனால் நகர்த்தாமலும் இருக்க முடியாது என்ற நிலைக்கு 'சுக்ஸ்வாங்' என்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்லலாம்?
- மாணவன், செங்கலடி

பதில்: அது ஜேர்மன் சொல், நகர்த்தியே தீர வேண்டிய கட்டாயம் என்பது பொருள். நிலையைப் பலகையில் வைத்துப் பார்த்தால் சொல் தானாக வரும். வெள்ளை அரசன் சி6, வெள்ளைக் காலாள் டி7, கறுப்பு அரசன் டி8, நகர்த்த வேண்டியவர் கறுப்பு. சி8உம் இ8உம் காலாள் தாக்கும் கட்டங்கள். சி7ஐ வெள்ளை அரசன் காக்கிறான். டி7 காலாளை வெட்டவும் முடியாது, அதற்கும் அவனே காவல். மிஞ்சுவது இ7 மட்டும். கறுப்பு அரசன் அங்கே போனவுடன் வெள்ளை அரசன் சி7க்கு வருவான், காலாள் டி8க்குப் போய் அரசியாகும். 'இந்த முறை நான் நகர்த்தவில்லை' என்று சொல்ல விதியில் இடமிருந்தால் கறுப்பு டி8இலேயே நின்று காலாளைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே 'நகர்வுக் கட்டாயம்' என்று எழுதுங்கள். இருதலைக்கொள்ளி இங்கே பொருந்தாது. எறும்பு நடுவில் நின்றாலும் வேகும். கறுப்பு அரசனுக்கோ நின்ற இடத்தில் ஆபத்தே இல்லை, நிற்க விடாததுதான் ஆபத்து. வெள்ளை அரசனை சி6இலிருந்து டி6க்கு மாற்றி, முறையைக் கறுப்புக்கே வைத்துப் பாருங்கள். கறுப்புக்குப் போக ஒரு கட்டமும் இராது, முற்றுகையும் இராது. அது தோல்வி அல்ல, ஆட்டம் சமநிலையில் முடியும்.